ஹபீப் பாய் வெட்டிய மழை

பேண்ட் தைக்க ஹபீப் முகம்மதுவை விட்டால் ஆளில்லை என்று திருவண்ணாமலையில் பலர் சொல்வார்கள். 2006 கோடையில் பக்கவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் விழுந்துவிட்டது. நான் ஓய்வுபெற்ற நர்ஸ் என்பதால் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள். சில மாதங்களில் கோல் ஊன்றி நடந்தார். கைதான் பிடிவாதம் பிடித்தது.

அப்போது மகள் சதஃபுக்கு ஆரணியில் சம்பந்தம் முடிவானது. ரம்ஜான் முடிந்து நவம்பரில் நிக்காஹ் வைக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளையின் தாய் பீபி ஜான். அவர் தம்பி துபாயிலிருந்து அப்போதுதான் லீவில் வருகிறாராம். தீபம் நெருங்கும் சமயம் மண்டபம் கிடைக்காது. வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் பந்தல் போட வேண்டியதுதான்.

"மழை பெஞ்சா என்னா பண்றது, நர்சம்மா?" என்று பாய் கேட்டார்.

"சேத்துல கோல் நிக்காது. நாற்காலியில உக்காந்துக்குங்க."

"பொண்ணு கல்யாணத்துக்கு வர்றவங்கள உக்காந்துகினா வாங்கன்னு சொல்றது?"

பக்ரீதுக்கும் முஹர்ரத்துக்கும் நடுவில், ஜனவரியில் வைக்கலாம் என்பது அவர் எண்ணம். பீபி ஜானிடம் அது வாய்ப்பேச்சில் நடக்காது. சதஃப் பிரவுசிங் சென்டருக்குப் போய், இணையத்தில் பொதுமக்களுக்காகப் போட்டிருந்த மழைக்கணக்கை எடுத்து வந்தாள். எங்கள் மாவட்டம் பிரிந்த 1989 முதல் மாதவாரியாக இருந்தது.

"கம்ப்யூட்டர்ல இதையே கம்பம் கம்பமா நிக்க வெச்சுக் காட்டுது, அத்தா. மழை ஜாஸ்தின்னா உயரமா இருக்கு."

"கம்பம் எதுக்கு? கத்தரிய எடு."

நவம்பருக்கு நீல லைனிங் துணி, ஜனவரிக்கு மஞ்சள், வருடத்துக்கு ஒரு துண்டு. ஒரு சென்டிமீட்டர் மழைக்கு அரை அங்குலம். சதஃப் எண்ணைப் படிக்க, அவர் வெட்டினார். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் சண்டித்தனம் செய்யும் கை, கத்தரியைப் பிடித்துக்கொண்டது. முதல் துண்டுகள் கோணல்மாணல்.

பீபி ஜான் வந்த அன்று கூடத்தில் இரண்டு கொடிகளில் மழை தொங்கியது. அவர் நிதானமாகப் பார்த்தார்.

"என்னா சம்மந்தி, ஜனவரியிலயும் ஒரு வருசம் தப்பாம பெஞ்சிருக்கே!"

சதஃப் தாளைப் பார்த்து ஒரு மஞ்சள் துண்டைக் கழற்றினாள்.

"அத்தா, இந்தத் துண்டோட வருசம் மழையே இல்ல. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குத்தா துணி?"

பாய் துண்டைக் கையில் வாங்கித் தடவினார். "அடச்சே! எல்லாத்துலயும் மடிப்புக்கு ரெண்டு அங்குலம் வுட்டுட்டேன்!"

பீபி ஜான் சிரித்த சிரிப்பில் முந்தானை நழுவியது. "மழைக்கே பேண்ட் தைக்கிறீங்களா?"

"கொஞ்சம் இருங்க" என்று பாய் உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு அங்குலத்தை நறுக்கினார். நீலம் அப்போதும் நீளமாகத் தொங்கியது. மஞ்சளில் பாதிக்கு மேல் கொடியை விட்டே போயின. மிச்சம் விரல் அகலம்கூட இல்லை. வெட்டியது அத்தனையும் நேர்க்கோடு. நான் அதைத்தான் பார்த்தேன்.

பீபி ஜான் கொடியையும் பார்த்தார், சுவரில் சாய்த்திருந்த கோலையும் பார்த்தார். "எந்தம்பி லீவ மாத்திக்கட்டும். வருசா வருசம் வர்றவன்தானே" என்றார்.

ஜனவரியில் தரை காய்ந்து கிடந்தது. பாய் பந்தல் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க என்றார். பிரியாணி இறங்கியதும் உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை. துபாய்க்காரர் இன்னும் பந்தலுக்கு வரவில்லையாம்; அவரையும் வாங்க என்று சொல்ல வேண்டுமாம்.