பொம்மைக்குத் திரை போட்ட கதை

ஜவுளிக்கடையில் நின்று பிழைப்பவனுக்குக் கால்தான் முதலில் ஓயும் என்று பலரும் எண்ணுகிறார்கள். எனக்கு முதலில் ஓய்ந்தவை கண்கள். விரித்ததை மடித்து, மடித்ததை விரித்து, "வேற காட்டுங்க" என்ற சொல்லைக் கேட்டே ஆயுளில் பாதியைக் கழித்த அன்பர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், நான் சொல்வது அவர்களுக்கு விளங்கும்.

பெரியாற்றில் அணை எழுந்துகொண்டிருந்த காலம் அது. சின்னமனூரில் கோயிலுக்குப் பூத்தொடுப்பதும் பதிகம் பாடுவதும் பண்டாரங்களான எங்கள் குடும்பத் தொண்டு. அந்த உரிமை என் தமையனாருக்குப் போயிற்று. எனக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு அப்போது இருந்த ஒரே வழி, மலையேறி அணை வேலைக்குப் போவது. அப்படிப் போன என் மைத்துனன் குளிர்காய்ச்சலோடு திரும்பினான்; அவன் எழுந்து நடக்கவே நெடுநாள் ஆயிற்று. ஆகவே ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி வந்து, மதுரையில் கீழைக் கோபுரத்தை அடுத்த வீதியில் ஒரு செட்டியாரின் பெரிய ஜவுளிக்கடையில் எனக்கு இடம் கிடைத்ததை, இறைவன் கைதூக்கி விட்டதாகவே கொண்டேன். முதலாளியோ முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "சித்திரைத் திருவிழா வரைக்கும் நின்னு பாரும். தேறினா இருக்கலாம். தேறலைன்னா ஊருக்கு வண்டி ஏத்தி விட்ருவேன்." ஊருக்கு வண்டி ஏறினால் அடுத்தது மலைதான் என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

கைகூப்பி நின்றது

முதல் நாள் காலை. கடையின் மூத்த ஆளான சொக்கலிங்கம் அண்ணன், அலமாரியிலிருந்து காசிப் பட்டு ஒன்றை எடுத்து என் முன்னே உதறி விரித்தார். மயில்கழுத்து நிறம், உடலெங்கும் சரிகைக் கொடி. அதன்மேல் ஒரு வெல்வெட்டு, அதன்மேல் பூப்போட்ட சீட்டி, அதன்மேல் மூச்சுப் பட்டாலே அசையும் மெல்லிய மல் துணி. எங்கள் கோயிலில் அம்மனுக்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பட்டுச் சாத்துவார்கள். அந்த ஒன்றைக் காண ஊரே காத்துக் கிடக்கும். இங்கோ, சுவர் முழுதும் அம்மன்கள் உடுத்தக் காத்திருப்பது போலத் தோன்றியது. என்னையறியாமல் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றுவிட்டேன்.

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பண்டாரம், துண்டை எடுத்துத் தோள்ல போடும். கடைக்காரனே கும்பிட்டு நின்னா, வாங்க வந்தவுக துணியைத் தொடவே பயப்படுவாக."

பித்தானுக்குத் திருநீறு

வெற்றுடம்போடு கடையில் நிற்கலாகாது என்பது முதலாளியின் கட்டளை. கடை வாசலில் இயந்திரம் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த ராவுத்தர் கம்பத்துக்காரர். எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் பாசத்தோடு அளவெடுத்தார். என் வாழ்நாளின் முதல் சட்டை தயாராயிற்று. வெள்ளை ட்ரில் துணி, நிமிர்ந்த கழுத்துப்பட்டி, முன்புறம் வரிசையாகச் சிப்பிப் பித்தான்கள். ஒவ்வொன்றும் வெயிலில் ஒவ்வொரு நிறம் காட்டியது. அன்று மாலை அதை அணிந்து வீதியில் நடந்தபோது, சரிகைத் தலைப்பாகையும் பூட்ஸுமாகச் சென்ற வக்கீல்களுக்கும் எனக்கும் இடையே இருந்த தூரம் பெரிதும் குறைந்துவிட்டதாகவே எனக்குப் பட்டது.

புதுப்பொருள் எதுவாயினும் திருநீறு இட்டபின்தான் பயன்படுத்துவது எங்கள் வழக்கம். மறுநாள் காலை சட்டையின் பித்தான் ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி இட்டுக்கொண்டு வந்து நின்றேன். ராவுத்தர் இயந்திரத்தை நிறுத்தினார். "ஏம்ப்பா, நெத்தியில பூசுனது போதாதா? நான் தைச்ச பித்தான் சாமி காப்பாத்தித்தான் நிக்கணுமா?"

வெள்ளை

உத்தமபாளையத்துப் பக்கமிருந்து ஒரு கிறிஸ்தவத் தாய், தன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைச் சடங்குக்குத் துணி எடுக்க அவளையும் அழைத்துக்கொண்டு வந்தார். அடி முதல் முடி வரை வெள்ளை வேண்டும் என்றார். சின்னஞ்சிறு பெண்ணுக்கு வெள்ளை உடுத்துவதா என்று என் நெஞ்சு பதறியது. மஞ்சளை எடுத்துக் காட்டினேன். ரோஜா நிறத்தைக் காட்டினேன். ஓரத்தில் சிவப்புக் கோடாவது இருக்கட்டும் என்று மன்றாடினேன். "அம்மா, பச்சைப் பிள்ளைக்கு வெள்ளையா?" என்றும் கேட்டுவிட்டேன்.

இதற்குள் அண்ணன் எடுத்துக் கொடுத்த லேஸ் முக்காட்டை அப்பெண் தலையில் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னே நின்றாள். விடியற்காலையில் எங்கள் மலைமேல் படியும் பனிதான் நினைவுக்கு வந்தது. தாய் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "எங்க மாதாவே வெள்ளைதான் உடுத்தியிருக்காக, எம் மகளுக்கு மட்டும் ஏன்யா சிவப்புக் கோடு?"

கெங்குவார்பட்டிக் கோட்டு

கடை வாசலில் ஆளுயர மரப்பொம்மை ஒன்று நின்றது. முறுக்கு மீசை, உருண்ட கண். பட்டணத்தில் எது புதுப் பாணியோ அதை அதற்கு உடுத்தி நிறுத்துவார்கள். கெங்குவார்பட்டியிலிருந்து மனைவியோடு வந்த ஓர் உழவுச் சம்சாரி, அது அணிந்திருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்து அசையாமல் நின்றார். அதேதான் வேண்டும் என்றார். கழற்றிக் கொடுத்தோம். வேட்டிக்கு மேல், வெற்று மார்பின்மேல் அதை மாட்டிக் கண்ணாடி முன் திரும்பியவர், சற்று முன் உள்ளே வந்த மனிதரே அல்லர். முதுகு நிமிர்ந்தது, குரல் மாறியது, என்னை "ஓய்" என்று அழைத்தார். ஓர் ஆடைக்கு இவ்வளவு சக்தியா என்று வியந்து நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதோட தொழுவத்துப் பக்கம் மட்டும் போயிராதீக. பசு கயித்தை அத்துக்கிட்டு ஓடிரும்."

திரை

திருவிழா வந்தது. கொடியேறிய அன்று சொக்கலிங்கம் அண்ணன் ஊரில் இல்லை. முதலாளி என்னை அழைத்தார். "பொம்மைக்கு நீரே உடுத்தும். விழாக் கூட்டம் பூரா இந்த வாசல் வழியாத்தான் போகும். இன்னைக்குத்தான் உமக்குப் பரீட்சை." மலையும் மைத்துனன் காய்ச்சலில் கிடந்த கிடையும் என் கண்முன் வந்து போயின.

பழைய ஆடையைக் களைய வேண்டும்; களைந்தால் நடுவீதியில் பொம்மை வெற்றுடம்பாக நிற்கும். கோயிலில் அலங்காரம் மாற்றும்போது திரை போடுவதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு வேறு வழி தோன்றுமா? சிவப்பு டமாஸ்க் துணி ஒன்றை வாசலில் குறுக்கே கட்டினேன். உள்ளே பச்சை வெல்வெட்டுக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, கழுத்துக்குப் பட்டுக் கைக்குட்டை, கையில் சீமைக்குடை என்று ஒவ்வொன்றாகச் சாத்தினேன். பச்சையின்மேல் சரிகை பட்டு எழுந்த ஒளியில் என்னையே மறந்து, பூத்தொடுக்கும்போது பாடும் வழக்கப்படி பதிகத்தைக் குரலெடுத்துப் பாடத் தொடங்கிவிட்டேன்.

வெளியே நடந்தது எனக்குத் தெரியாது. கோயிலிலிருந்து வந்த எங்கள் பக்கத்துச் சனங்கள், மூடிய திரையையும் பாட்டையும் கண்டு, தரிசனம் ஆகாமல் நகரக் கூடாதென்று நின்றுவிட்டார்கள். நின்றவர்களைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். நான் பாடி முடித்துத் திரையை விலக்கினேன். "அரோகரா!" என்ற முழக்கத்தில் கடை அதிர்ந்தது.

"எந்தச் சாமிடி இது?" என்றாள் ஒருத்தி.

"மீசையைப் பாத்தா தெரியலை? மதுரைவீரன்."

"குடை பிடிச்சிருக்கே ஆத்தா!"

"சித்திரை வெயிலு சாமிக்கும்தானே அடிக்கும்?"

இதற்குள் ஒரு மூதாட்டி தட்டில் கற்பூரத்தை ஏற்றிப் பொம்மையின் முகத்துக்கு நேரே சுற்றலானார். சுடருக்கும் தொங்கிக்கொண்டிருந்த மல் துணிக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம். முதலாளி உள்ளிருந்து ஓடி வந்தார். வாயால் ஊதி அணைப்பது மகாபாவம். விட்டால் கடை சாம்பல். அவர் ஒரு கணம் தவித்தார்; பிறகு பக்தியோடு தட்டைக் கையில் வாங்கித் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு, கோபுர வாசலை நோக்கி நடந்தார். கூட்டம் அவர் பின்னால் போயிற்று. நான் உள்ளே சென்று, ஊருக்குப் போக என் மாற்று வேட்டியை மூட்டையாகக் கட்டினேன்.

அவர் திரும்பி வந்தபோது நெற்றி நிறையத் திருநீறு. பின்னால் அதே கூட்டம். கற்பூரம் காட்டிய மூதாட்டி தம் மகனின் கையைப் பிடித்து இழுத்துவந்து, வீரன் உடுத்திய பச்சையில் மகனுக்கு ஒரு கோட்டுக்குத் துணி கேட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் பச்சையையே கேட்டார்கள். தைக்கக் கொடுப்பவர்கள் ராவுத்தரின் இயந்திரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தியில் கூட்டம் கலைந்தபின் முதலாளி என் மூட்டையைப் பார்த்தார். காலியான வெல்வெட்டு அலமாரியையும் பார்த்தார்.

"மூட்டையை அவுரும். திருவிழா முடியுற வரைக்கும் தினமும் திரை போடும். பாட்டு மட்டும் வேணாம், பாடினா கற்பூரம் வந்துருது."

ஆண்டவனுக்குப் பூத்தொடுத்தபோது கிட்டாத நிலையான சோறு, வெல்வெட்டு உடுத்திய ஒரு மரப்பொம்மையின் தயவால் எனக்குக் கிட்டிற்று என்பதை, அவன் சந்நிதியில் மட்டும் நான் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.