வண்டல் படிந்த ஏழு முகங்கள்

ரஞ்சிதா கலிதாவை நாங்கள் எல்லோரும் பாய்தேவ், அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கண் கூர்மை. குவாஹாட்டியில் இருபது வருடமாக அவர் வைக்கும் கண்காட்சிகளுக்கெல்லாம் ஆணி அடித்துப் படம் மாட்டுகிறவன் நான். ஒரு படம் அரை விரல் சாய்ந்திருந்தாலும் வாசலில் நின்றே கண்டுபிடித்துத் திட்டுவார். டெல்லிக்காரர்கள் நம் ஓவியர்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வெறி. சோறு தண்ணி கூட அப்புறம்தான்.

அந்த வருடம் பதினொரு பேருடைய படங்கள். ஆற்று நடுவே தீவாகக் கிடக்கும் மாஜுலியிலிருந்து டங்கேஸ்வர் பேகு என்ற பள்ளி வாத்தியார் ஏழு படங்களோடு வந்தார். எல்லாம் அவர் ஊர்க்காரர்களின் முகங்கள். எட்டு வருட உழைப்பு. ஆனால் வெள்ளம் அவர் வீட்டு மூங்கில் தளத்துக்கும் மேலே ஏறி, முகங்களின் மேல் கண்வரைக்கும் வண்டல் அப்பியிருந்தது.

"ரெண்டு வாரம் குடுங்க பாய்தேவ். மெதுவாக் கழுவிடுறேன்."

"ஐயோ, தொடாதீங்க மாஸ்டர்! இப்பதான் இது படம்!"

மனிதர், "நீங்க சொன்னா சரிதான்" என்றார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனாலும் ஆணி அடிக்கிறவன் பேச்சு எங்கே எடுபடும்?

திறப்பு விழாவில் எல்லா ஓவியர்களுக்கும் மரியாதையாகக் கமுசாத் துண்டு போர்த்தினார்கள். டெல்லியிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் அந்த ஏழு படங்களையும் விட்டு நகரவே இல்லை. மாஸ்டர் பக்கத்தில் போய், "இது போதேஸ்வரி, எங்க பக்கத்து வீடு. வாய் நிறையத் தாம்பூலம் போட்டுக்கிட்டுச் சிரிப்பா" என்றார். அந்த அம்மாள் வண்டலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஏழு படங்களையும் வாங்கிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் மாஸ்டர் கமுசா முனையை எச்சிலில் நனைத்து, போதேஸ்வரியின் வாயைத் துடைக்கப் போனார். நான்தான் கையைப் பிடித்தேன். "வித்தாச்சு மாஸ்டர். தொடக்கூடாது." அந்தக் கையைப் பிடித்த என் கையை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

மறு வருடம் அவரிடமிருந்து ஒரு கட்டு வந்தது. பத்து கேன்வாஸ். ஒன்றிலும் வண்ணம் இல்லை, வெறும் வண்டல். பாய்தேவ் உடனே போன் போட்டார்.

"என்ன மாஸ்டர் இது?"

"ஆத்துல நட்டு வெச்சேன் பாய்தேவ். உங்களுக்கு அதுதானே பிடிச்சுது? நடுவுல நான் எதுக்கு?"

"தப்புப் பண்ணிட்டேன். மறுபடி முகமா வரையுங்க. சுத்தமா மாட்டுறேன், சத்தியமா."

"யாரைப் பார்த்து வரைய? ஊரே கரைஞ்சு ஆத்துல போச்சு. ஆளுக்கொரு திசையாப் போயிட்டாங்க. போதேஸ்வரி பங்குனியிலயே செத்துட்டா. அவ மூஞ்சி அந்தப் படத்துல மட்டும்தான் இருந்தது."

படங்களைக் கழுவித் தரச் சொல்லிப் பாய்தேவ் டெல்லிக்குக் கெஞ்சி எழுதினார். கவலை வேண்டாம், வண்டல் ஒரு துளியும் உதிராதபடி கண்ணாடி போட்டு அடைத்துவிட்டோம் என்று அந்த அம்மாள் அன்பாகப் பதில் போட்டிருந்தார்.