நூற்று அறுபது டிகிரியில் எங்கள் வீடு

கேமராவை டிகிரி பார்த்து வாங்க வேண்டும் என்பது அத்தா மவுத்தான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். ஆயுசு முழுக்கத் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை பார்த்தவர். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்து படுத்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அம்மா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதுதான் இத்தா. அது முடியும்வரை துணைக்கு இருக்க நான் ஈரோட்டிலிருந்து வந்திருந்தேன். முடிந்த பிறகு அம்மா எங்கே இருப்பது என்பதுதான் பாக்கியிருந்த கேள்வி.

அண்ணனுக்கு அது கேள்வியே இல்லை. சென்னையில் அவன் வீட்டில் ஓர் அறையைச் சுத்தம் செய்து வைத்துவிட்டான். அம்மா அதற்கு வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறை அவன் பேச்சை எடுக்கும்போதும், "இன்ஷா அல்லா, பாப்போம்" என்பாள். அம்மா பாப்போம் என்றால் முடியாது என்று பொருள். எனக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, அவளைவிட்டு இருபது வருடமாகத் தள்ளியிருக்கிற மகனுக்குத் தெரியவில்லை.

இத்தாவின் நடுவில் ஒரு நாள் நான் காய்கறி வாங்க மார்க்கெட் போயிருந்தேன். அந்த நேரத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டாள். கிண்ணத்தில் வெஞ்சனம் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்து, வாயில் சீனியைப் போட்டு, உள்ளங்காலைத் தேய்த்து, உட்கார வைத்திருக்கிறார். நான் பையோடு உள்ளே நுழைந்தபோது இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இதை அண்ணனிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன்.

"பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன். தனியா இருக்க முடியாது" என்றான்.

"தனியா எங்க இருந்தாக? பெரியம்மா வந்துட்டாகள்ல?"

"அவங்க வராம இருந்திருந்தா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் கிடையாது. கடைசியில் அவனே கொஞ்சம் இறங்கிவந்தான். வீடு மொத்தமும் தெரிகிற மாதிரி கேமரா போட்டு, அவன் போனில் எந்த நேரமும் அம்மாவைப் பார்க்க முடியுமென்றால் அம்மா அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் இத்தா முடிந்த மறுவாரம் சென்னை. அன்றிலிருந்து கேமரா பார்ப்பது என் வேலையாயிற்று.

கத்தரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான். கேமராவைச் சும்மா விடுவேனா? அண்ணன் அனுப்பிய வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். ராத்திரியில் கலர் தெரியுமா, மழையில் நனைந்தால் தாங்குமா, கரண்ட் போனால் என்ன ஆகும் என்றெல்லாம் படித்தேன். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். சுவர் முழுக்க வரிசையாகத் திரைகள், எல்லாவற்றிலும் நான். ஒன்றில் என் முகமும் தோளும் மட்டும் இருந்தன. அடுத்ததில் கடை வாசலும் சேர்ந்து வந்தது. கடைசித் திரையில் வெளியே நின்ற ஷேர் ஆட்டோவும் எதிரே இருந்த ஜூஸ் கடையும்கூட இருந்தன. அதன் ஓரத்தில் நான் பரோட்டா மாவைப் போல இழுபட்டு நின்றேன்.

"இந்தா அக்கா, இது எம்பது டிகிரி. ஒரு கதவு விழுகும், அம்புட்டுத்தான். இது நூத்திப்பத்து. வாசலு, வண்டி நிப்பாட்டுற எடம் வரைக்கும் வரும். இது நூத்தி அறுபது. இத ஒண்ண மாட்டிட்டீகன்னா போதும், தப்பிக்க எடமே கிடையாது" என்றார் கடைக்காரர்.

தப்பிக்க இடமே கிடையாது என்பதை நான் அப்போது நல்ல வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. அகலம் கூடக் கூட முகம் சிறுத்துப் போகிறது; நேரான சுவர் வளைந்து தெரிகிறது. முகம் சரியாகத் தெரியாதே என்று அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"முகம் எதுக்கு? விழுந்து கெடந்தா தெரியணும், அது போதும்" என்றான்.

அவன் கவலையில் சொன்னான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

ஒரு வாரம் மாட்டிப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் கழற்றிக்கொள்கிறேன் என்று கடைக்காரர் சொன்னார். அவரே வந்து நூற்று அறுபதை மாட்டினார். அம்மா இத்தாவில் இருந்ததால் அவர் போகும்வரை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். வாசல் நிலைக்கு மேலே ஏற்றியதும் என் போனில் படம் வந்தது. தெருக்கதவு, முற்றம், துவைக்கிற கல், கொய்யா மரம், பக்கவாட்டுச் சுவர், அந்தச் சுவருக்கு அப்பால் சந்து. எல்லாமே விழுந்தன. சென்னையிலிருந்து அண்ணன், "சூப்பர்" என்று செய்தி போட்டான்.

அந்தச் சந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் நடுவில் போகிற, இரண்டு பேர் ஒட்டி நடக்கக்கூடிய வழி அது. நாலைந்து வீட்டுப் பக்கக்கதவுகள் அதில் திறக்கும். தெருப்பக்கம் வருவதென்றால் புர்கா போட்டுக்கொண்டு வருகிற பெண்கள், சந்தில் வீட்டுச் சேலையோடு, தலையில் துணி இல்லாமல், எண்ணெய் வைத்த கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நடமாடுவார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். வந்தே ஆக வேண்டுமென்றால் சந்து முனையில் நின்று தொண்டையைக் கனைப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் துணியைத் தலையில் இழுத்துக்கொண்டு குரல் கொடுத்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார்கள். சொந்த வீட்டுக்கு வருகிற கிழவர்கூடக் கனைத்துவிட்டுத்தான் வருவார். இத்தாவில் அம்மாவுக்கு வெளியுலகம் என்றால் அந்தச் சந்துக்கதவுதான். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு அதைத் திறந்து வைப்பாள். ஒவ்வொருவராக வந்து முற்றத்தில் உட்கார்வார்கள். வெங்காயம் உரிப்பார்கள், பேன் பார்ப்பார்கள், மருமகள்களைத் திட்டுவார்கள். அத்தாவைப் பற்றி அம்மா அழுததும் அவர்களிடம்தான்; என்னிடம் அழவில்லை.

கேமரா மாட்டிய மறுநாள் லுஹர் முடிந்து அம்மா கதவைத் திறந்து வைத்தாள். ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. ஒரு படி சின்ன வெங்காயத்தையும் தானே உரித்து முடித்தாள். மூன்றாம் நாள் தெருக்கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா நின்றார். பத்தடி தள்ளியிருக்கிற வீட்டுக்கு, புர்கா போட்டுக்கொண்டு, தெருவைச் சுற்றி வந்திருந்தார். கையில் மூடி போட்ட கிண்ணம். கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, செத்த நேரத்தில் எழுந்து போய்விட்டார். அம்மா அந்தக் கிண்ணத்தை மூடியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கடைக்கு ஓடி, சந்து தெரிவதுதான் சிக்கல் என்றேன். கடைக்காரர் சிரித்தார். "இதுக்கா அக்கா? வேணாங்குற எடத்துல கறுப்பு அடிச்சிரலாம், பாருங்க" என்று போனில் காட்டிக்கொடுத்தார். சந்து இருந்த இடத்தில் விரலால் ஒரு கட்டம் இழுத்தேன், படத்தில் அந்த மூலை கறுப்பாகிவிட்டது. பக்கக்கதவையும் அவர்கள் உட்காரும் முற்றத்து ஓரத்தையும் சேர்த்துக் கறுப்பாக்கினேன். பெரிய விஷயத்தைச் சாதித்துவிட்ட மாதிரி பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"ஒம் போன்ல கறுப்பா இருக்கு. ஒங்க அண்ணன் போன்ல?"

"அங்கயும் கறுப்புதான் பெரியம்மா."

"அவன் இத எடுக்கணும்னா எடுக்க முடியாதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முடியும்" என்றேன்.

"அண்ணன நான் தப்பா சொல்லல தாயி. அவன் நாங்க தூக்கி வளத்த புள்ள. ஆனா அவன் போன வெச்சிருக்குற எடத்துல பக்கத்துல யாரு நிக்கிறா? எனக்கென்ன தெரியும், ஒனக்குந்தான் என்ன தெரியும்? ஆம்பளைன்னா முனையில நின்னு கனைப்பாக. இது கனைக்குமா?"

திரும்பி வந்து வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தேன். கறுப்புக் கட்டம் என் போனுக்குள் இருக்கிறது. சந்தில் நிற்பவர்களுக்குத் தெரிவது அந்தக் கண்ணாடி உருண்டை மட்டும்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டது எங்கள் கதை. அம்மா விழுந்த அன்று வந்து தூக்கிய ஆள்களை விரட்டிவிட்டு, விழுந்தால் படம் பிடிக்க ஒன்றை மாட்டி வைத்திருந்தோம்.

இதையே அண்ணனிடம் சொன்னேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"நாலு பொம்பளைங்களுக்குக் கூச்சம்னு அம்மாவ விட்டுர முடியுமா? அப்ப கழட்டிரு. சென்னைக்கே வரட்டும். இங்க எல்லா வசதியும் இருக்கு" என்றான்.

"அங்க கதவத் தட்ட யாருண்ணே இருக்கா? நீயும் மதினியும் ஆபீஸ் போயிட்டா, விழுந்தா லிஃப்ட்டா வந்து தூக்கும்?"

குரல் உயர்ந்துவிட்டது. அவனும் கத்தினான். அத்தா போனபோது பக்கத்தில் இல்லாமல் போனதை அவன் சொல்லி அழுதான். அதுவரை அவன் அழுது நான் கேட்டதில்லை. அவன் கேமரா கேட்டதே அதனால்தான் என்று அப்போது விளங்கியது. விளங்கி என்ன? இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை, போனை வைத்துவிட்டோம்.

அம்மா உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அஸர் தொழுது முடித்துத் தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கடையில இருக்குறதுலயே கம்மியாத் தெரியுறது எது?"

நான் மூன்று வாரமாக எது அதிகம் தெரியும் என்று தேடிக்கொண்டிருந்தவள். கேள்வி மண்டையில் ஏற ஒரு நிமிடம் ஆயிற்று. எண்பது டிகிரி என்று சொன்னேன், ஒரு கதவளவு விழும் என்றேன்.

"அத வாங்கிட்டு வா."

கடைக்காரர் பெரியதைக் கழற்றிக்கொண்டு சின்னதைக் கொடுத்தார். சுவரில் ஆணி அடித்தால் போதும், நானே மாட்டிக்கொள்ளலாம். கூடத்தில் எங்கே மாட்டுவது என்று அம்மாதான் இடம் காட்டினாள். தன் கட்டிலுக்கு எதிர்ச்சுவர். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, என் போனை வாங்கி வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் திருப்பு, இன்னும் திருப்பு என்றாள். கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவிலுள்ள கதவின் ஓரம் தெரிந்தது. அதுவும் போகும்வரை திருப்பச் சொன்னாள். கடைசியில் படத்தில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய், அம்மா. வேறொன்றும் இல்லை.

"அம்மா, இருபத்துநாலு மணி நேரமும் உங்களைத்தான் காட்டும். தூங்குறது, எந்திரிக்கிறது, எல்லாத்தையும்" என்றேன்.

"என்னையப் பாக்கட்டும். அவளுகளப் பாக்க வேணாம்" என்றாள்.

இத்தாவில் இத்தனை நாளும் ஒரு வெளி ஆணின் நிழலில்கூடப் படாமல் இருந்தவள். கேமரா மாட்ட வந்தவர் போகும்வரை கதவைத் திறக்காதவள். தன் வீட்டில் தன் இடத்தில் இருப்பதற்காக அவள் இதைக் கொடுத்தாள். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். அடுப்படிக்குப் போகிற நேரம் தவிர அம்மா அந்தக் கட்டிலிலும் பாயிலும்தான் இருப்பாள் என்று அண்ணனிடம் சொன்னபோது அவனால் மறுக்க முடியவில்லை. எந்த நேரமும் அம்மா தெரிய வேண்டும் என்று கேட்டவன் அவன்தான்.

இத்தா முடிந்து நான் ஈரோட்டுக்கு வந்துவிட்டேன். வேலைக்கு நடுவில் அவ்வப்போது போனைத் திறந்து பார்ப்பேன். சத்தத்தை அம்மா நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டதால் படம் மட்டும்தான். மத்தியானங்களில் அம்மா பாயில் உட்கார்ந்து, படத்துக்கு வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாள். கையை நீட்டுவாள், கை திரும்பும்போது அதில் ஒரு கிண்ணம் இருக்கும். சில சமயம் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அந்த நேரங்களில் எனக்கு மனது நிறைந்துவிடும்.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டான்.

"ஏம்மா, அம்மாவுக்குத் தலைவலி ஏதும் இருக்கா? எப்பத் தொறந்து பாத்தாலும் முக்காடு போட்டே இருக்காக. ராத்திரி தூங்கும்போதுகூட. வீட்டுக்குள்ள யாரு இருக்கா?"

"நீ இருக்கேல்ல" என்றேன்.

"நான் அவுக பெத்த மகன்தானே" என்றான்.

அதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.