இருபதாவது பெயர்

எங்கள் ஊர் பேஸ்பால் அணியை விட்டுப் போன ஆட்டக்காரர் யாராவது வேறு அணியின் சட்டையில் குன்சானுக்குத் திரும்பி வந்தால், முதல் பந்தைச் சந்திக்கும் முன் ஹெல்மெட்டைக் கழற்றி, பழைய ரசிகர்களைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்து வணங்குவார். அந்த நேரம் பார்த்து அப்பா ஷூ லேஸ் கட்டுவார். லேஸ் அவிழ்ந்திருக்காது. மைதானத்தில் இருந்தால் பந்துக் கூடையின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டுவார். வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தால் லேஸுக்கு எங்கே போவது? குனிந்து கால் நகத்தை ஆராய்வார். கைதட்டல் அடங்கும்வரை நிமிர மாட்டார்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். பிரிந்து போனவர்களைப் பார்த்தால் அவருக்கு அழுகை வந்துவிடும், அதை மறைக்கிறார் என்று நினைத்து, பள்ளியில் ஒரு கட்டுரைகூட எழுதினேன். பரிசு கிடைத்தது. அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

அப்பா பெயர் பியோ கில்சு. குன்சான் பெலிகன்ஸ் அணியில், ஆட்டத்துக்கு முன் மட்டையாளர்கள் அடித்துப் பழகுவதற்குப் பந்து போட்டுக் கொடுப்பவர். வலைத் தடுப்புக்குப் பின்னால் நின்று, அடிக்க வசதியான இடத்தில், வசதியான வேகத்தில், நாளுக்கு இருநூறு பந்து. நன்றாக அடி வாங்குவதுதான் அந்த வேலையில் திறமை. அவரும் ஒரு காலத்தில் உண்மையான பந்துவீச்சாளராக இருந்தவர்தான். தோள் கிழிந்து இருபத்தேழு வயதில் முடிந்துபோனது.

அந்தத் தோளில் தினமும் வலி பிளாஸ்திரி ஒட்டுவது என் வேலை. கை எட்டாத இடம். "இன்னும் கொஞ்சம் கீழ, தாமி. அங்கதான். அமுக்கு." எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தாலே கற்பூரத் தைலம் மணக்கும்.

எனக்கு முன்பு அப்பாவுக்கு இந்த பிளாஸ்திரியை ஒட்டிவிட்டவர் நம்குங் ஹியோக். இருவரும் ஒரே வருடம், பள்ளி முடித்த கையோடு அணியில் சேர்ந்தவர்கள். விடுதியில் ஆறு வருடம் ஒரே அறை; கல்யாணமான பிறகும் அப்பா விடுமுறைக்குத்தான் வீட்டுக்கு வருவார். ஹியோக் மாமா மட்டையாளர். அப்போது அவரும் பெரும்பாலும் பெஞ்சில்தான். இருவருக்கும் இருபத்தைந்து வயதான குளிர்காலத்தில் எங்கள் அணி வேறு அணியிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்தது. அப்படிச் செய்தால், ஆளை இழந்த அணிக்கு ஈடாக ஓர் ஆளைத் தந்தாக வேண்டும். இருபது பேரை மட்டும் பட்டியல் போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம். மிச்சமிருப்பவர்களில் அவர்கள் யார்மேல் கை வைத்தாலும் அவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பட்டியலில் இருபதாவது பெயர் அப்பாவுடையது. ஹியோக் மாமாவின் பெயர் இல்லை. ஆளை இழந்த சுன்சோன் அணி அவரைத்தான் எடுத்துக்கொண்டது.

அன்று எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி வாங்கினார்களாம். "உங்கப்பாவை வச்சுக்கிட்டாங்க, அந்தப் பையனைத் தள்ளிட்டாங்கன்னு நான்தான் தெருவெல்லாம் சொன்னேன்" என்று அம்மா சொல்வாள். அப்பாதான் ஹியோக் மாமாவின் மூட்டைகளைப் பேருந்து வரை தூக்கிப் போய் ஏற்றிவிட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். சுன்சோனில் அவருக்கு ஆட இடம் கிடைத்தது. முதல் வருடமே பந்தை எல்லை தாண்டி அடித்து இருபத்திரண்டு ஹோம் ரன். அப்பாவுக்கு அந்த ஏப்ரலில் ஒரே ஒரு ஆட்டம். ஹியோக் மாமா சுன்சோன் சட்டையில் குன்சானுக்கு முதல்முறையாக வந்த நாளில், வீசும் மேட்டில் நின்றது அப்பா. மாமா ஹெல்மெட்டைக் கழற்றி மூன்று பக்கமும் வணங்கிவிட்டு, அப்பாவைப் பார்த்தும் ஒருமுறை குனிந்தார். தொப்பியைத் தொட்டுப் பதிலுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் வழக்கம். அப்பா ஒற்றை முழங்காலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினார். எழுந்து வீசிய இரண்டாவது பந்து மாமாவின் மட்டையில் பட்டு வலது பக்கச் சுவரில் போய் அடித்தது. அந்தக் காட்சியின் பழைய பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வர்ணனையாளர் சிரித்துக்கொண்டே, "பழைய ரூம்மேட் கொஞ்சம் பதற்றமா இருக்கார்போல" என்கிறார்.

தோள் போன பிறகு அப்பாவைக் கூப்பிட்டுப் பயிற்சிப் பந்து போடும் வேலை கொடுத்தவர், அந்தப் பட்டியலைத் தயாரித்த அதே கோச் மெங். அது இரக்கமா, தண்டனையா என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் என்பது ஹியோக் மாமாவைத் திட்டும் நேரம். சுன்சோன் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா கிம்ச்சியை மென்றபடி ஆரம்பிப்பார்.

"பாரு, எப்படி ஓடுறான்னு பாரு. குடம் தூக்கிட்டுப் போற மாதிரி."

"ஓடி ரெண்டாவது பேஸைப் பிடிச்சுட்டாருங்க" என்பாள் அம்மா.

"பந்து போட்டவன் தூங்கிட்டான். அதுக்கு இவன் என்ன பண்ணுவான்?"

"நீங்களும் தினமும் அப்படித்தானே போடுறீங்க?"

அப்பா ரிமோட்டைத் தேடுவார். ஆனால் நிறுத்த மாட்டார். மாமா ஆட்டமிழந்த நாளில் இன்னொரு கிண்ணம் சோறு கேட்பார்.

மாமா புது வீடு வாங்கியது, அவர் முகம் போட்ட வறுத்த கோழி விளம்பரம், அவருக்கு மட்டும் முடி கொட்டாதது, எல்லாமே அப்பாவுக்குக் குற்றம். அந்தக் கோழி எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. எனக்கும் அந்தப் பொறாமை தொற்றியிருந்தது. மாமாவின் மகள் என் வயது. வெள்ளைக் கோட்டு போட்ட அவள் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம், அந்தப் பட்டியலில் ஒரு பெயர் மாறியிருந்தால் அந்த வெள்ளைக் கோட்டு என் மேல் இருந்திருக்கும் என்று நினைப்பேன். காப்பாற்றப்பட்டவர்கள் நாங்கள் என்பதுதான் எங்கள் வீட்டின் கேலிக்கூத்து.

எனக்குப் பதினாறு வயதானபோது ஓர் இளம் பந்துவீச்சாளரைக் கொடுத்துவிட்டு ஹியோக் மாமாவை எங்கள் அணி திரும்ப வாங்கியது. அவருக்கு முப்பத்தெட்டு. செய்தியைக் கேட்ட அப்பா, "கிழவனைக் கொண்டுவந்து என்ன பண்ணப் போறாங்க?" என்றார். அப்பாவுக்கும் முப்பத்தெட்டுதான்.

முதல் நாள் பயிற்சியில் மாமா நேராக வலைத் தடுப்புக்கு வந்தாராம்.

"டேய் கில்சு! இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"உன்னை அனுப்பிட்டுத்தான் போவேன்."

"எனக்கு நீயே போடுடா. உன் பந்துதான் பூசணிக்காய் மாதிரி தெரியும்."

"அன்னிக்கு ஏப்ரல்லயும் அப்படித்தான் தெரிஞ்சுதோ?"

"அன்னிக்கு நீ லேஸ் கட்டுன நேரத்துல நான் ரெண்டு ஹோம் ரன் அடிச்சிருக்கலாம்" என்று மாமா சிரித்தார்.

இரண்டு பருவங்கள் அப்பா அவருக்குப் பந்து போட்டார். மற்றவர்களுக்குப் போட்டதைவிடக் கவனமாக, அவர் விரும்பும் உயரத்தில். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு அவன் முப்பது அடிச்சான், முப்பதும் நான் போட்டது" என்பார். அது பெருமையா, புகாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நாற்பதாவது வயதில் மாமா ஓய்வு பெற்றார். விடைபெறும் விழா. மைதானம் நிரம்பியிருந்தது. பழைய கோச்சுகள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், கோச் மெங்கும். நானும் அம்மாவும் அவருக்குப் பின்னால். அப்பா ஊழியர்களோடு கோட்டுக்கு அருகில் நின்றார். மாமா ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் அப்பாவைக் காட்டினார்.

"அதோ, பியோ கில்சு. விடுதியில ஆறு வருஷம் தினமும் இவன் தோள்ல நான் பிளாஸ்திரி ஒட்டியிருக்கேன். எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல, ஆனா இவனால என் சட்டையெல்லாம் ஆஸ்பத்திரி வாசம். இந்த ரெண்டு வருஷம் எனக்குப் பந்து போட்டு அந்தக் கடனைக் கழிச்சுட்டான்."

மைதானம் சிரித்தது. மாமா அப்பாவை நோக்கிக் குனிந்து வணங்கினார். அப்பா உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினார்.

எனக்கு முன்னால் இருந்த கோச் மெங் மட்டும் சிரிக்கவில்லை. விழா முடிந்ததும் கைத்தடியை ஊன்றி மெதுவாக நடந்து அப்பாவிடம் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏண்டா, உங்க ரூம்ல யாருக்குடா வலி?" என்று கேட்டார்.

அப்பா மறுபடி லேஸுக்குக் குனிந்தார். கிழவர் கைத்தடியைத் திருப்பி ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை பிளாஸ்திரி ஒட்டும்போது, முதுகைக் காட்டியபடியே அப்பா சொன்னார். அந்தக் காலத்தில் எந்த ஆட்டக்காரனும் தன் வலியைச் சொல்ல மாட்டான். சொன்னால் இடம் போய்விடும். அதனால் கோச்சுகள் ஆளைக் கேட்க மாட்டார்கள், அவனுடைய அறைத்தோழனைக் கேட்பார்கள். பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த வாரம், பொதுக் குளியலறையில் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்த கோச் மெங், சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார்: "உங்க ரூம் பக்கம் போனாலே தைல வாசம். யாருக்குடா வலி?"

"ஹியோக்குக்கு முதுகு, கோச். சின்ன வயசுலேர்ந்தே" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"வயித்தெரிச்சல்டி. அந்த மாசம் அவன் மட்டையில பந்து படுற சத்தம் மாறிடுச்சு. எனக்கு மட்டும்தான் கேட்டுது. பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு நிம்மதியாக் குறட்டை விடுறான். எனக்குத் தோள் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. அந்தத் தோளுக்கும் அவன்தான் ஒட்டி விட்டிருக்கான்."

நான் கையை எடுத்துவிட்டேன்.

"அமுக்கு, ஓரம் ஒட்டலை" என்றார். பிறகு, "ஒருவகையில பாத்தா நான் அவனுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன். இங்கயே இருந்திருந்தா பெஞ்சைத் தேச்சிக்கிட்டு இருந்திருப்பான். அவன் நன்றி சொல்லணும்னா முதல்ல எனக்குத்தான் சொல்லணும். அதுகூடத் தெரியல அவனுக்கு."

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். தன் பொய்யால் கிடைத்த வாழ்வையும் அவன் தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறானே என்ற வருத்தம்.

"போய்ச் சொல்லிடுங்கப்பா."

"சொல்றேன். சீசன் முடியட்டும்."

சீசன் முடிந்தது. இருவரும் துறைமுகத்துப் பக்கம் ஜாம்போங் என்ற கார நூடுல்ஸ் சாப்பிடப் போனார்கள். அப்பா சட்டையில் சிவப்புக் குழம்போடு திரும்பி வந்தார்.

"சொன்னீங்களா?"

"அவனுக்கு முட்டி போச்சு, தெரியுமா? மாடிப்படி ஏற முடியல" என்றார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. எங்கள் இரு பக்கக் குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா அழுதாள். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "ஹியோக் பொண்ணுக்குக் கிடைக்கலையாம். இன்னொரு வருஷம் உக்காந்து படிக்கணுமாம்."

அவர் எனக்காக மகிழ்ந்தாரா, மாமாவுக்கு எதிராக மகிழ்ந்தாரா? நாலு வருடம் படித்தும் இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. அதைவிட மோசம், அந்த வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கும் இனித்தது.

நான் கடைசி வருடம் படிக்கும்போது அப்பாவுக்குக் கணையத்தில் நோய் கண்டது. ஆறு வாரம்தான். முடிவதற்கு மூன்று நாள் முன்பு போனைக் கேட்டு வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு திருப்பித் தந்து, "அப்புறம் அனுப்பிக்கிறேன்" என்றார். அவர் போன பிறகு பார்த்தேன். ஹியோக் மாமாவுக்கு எழுதத் தொடங்கிய செய்தி. "ஹியோக், அந்த பிளாஸ்திரி" என்பதோடு நின்றிருந்தது.

இறுதிச் சடங்கின் இரண்டாம் நாள் காலை மாமா வந்தார். பூ வைத்தார். அப்பாவின் படத்துக்கு முன் இரண்டு முறை தரையில் விழுந்து வணங்கினார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கையை ஊன்றித்தான் எழ முடிந்தது. வழக்கப்படி எங்கள் பக்கம் திரும்பி ஒருமுறை வணங்கினார். நானும் அம்மாவும் பதிலுக்கு வணங்கினோம். என் வணக்கம் முடிந்தது. அப்பா அவருக்குத் திருப்பித் தர வேண்டியிருந்த வணக்கம் அப்படியே நின்றது.

வாசலில் மாமா உட்கார்ந்து ஷூவை மாட்டப் பார்த்தார். குனிய முடியவில்லை. நான் அவர் காலருகே உட்கார்ந்தேன்.

"விடும்மா, அப்படியே போட்டுக்கிட்டுப் போறேன்."

"பரவாயில்ல மாமா."

"உங்கப்பன் கடைசியில ஏதாவது சொன்னானா?"

"உங்க பேரைச் சொன்னார்."

"திட்டித்தான் சொல்லியிருப்பான்." சிரித்தார். கண் நிறைந்திருந்தது. "என்னை ஏன் தள்ளிவிட்டாங்கன்னு இன்னிக்கும் புரியலம்மா. கோச் மெங்குக்கு என்னைப் பிடிக்கலபோல. அன்னிக்குப் பஸ்ல ஏத்திவிட்டது உங்கப்பன் ஒருத்தன்தான். அதை நான் மறக்கல."

போன் என் கறுப்பு உடையின் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். அப்பாவின் பெயரைக் காப்பாற்ற நினைத்தேனா, எல்லாம் கிடைத்த இந்த மனிதருக்குத் தெரியாத ஒன்று எங்களிடம் இருக்கட்டும் என்று நினைத்தேனா, யோசித்துக்கொண்டே இரண்டாவது ஷூவுக்கு வந்தேன். லேஸ் இறுக்கமாகத்தான் இருந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினேன். குனிந்திருக்கும் வரை யாருக்கும் முகம் தெரிவதில்லை.

பிறகு அவர் என் தலையைத் தொட்டுவிட்டு, நொண்டியபடி படியிறங்கிப் போனார். அந்தச் செய்தி இன்னும் மூன்று சொல்லோடு போனில் நிற்கிறது.