அண்ணனை வக்கீலாக்கிய மத்தியானம்

வக்கீல் ஆவதற்கு என்னென்ன வேண்டும் என்பது, மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு மனப்பாடம். அண்ணன் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏறியது. பி.ஏ. பாஸாக வேண்டும். சென்னைப் பட்டணத்தில் சட்டம் படித்து பி.எல். பாஸாக வேண்டும். பெரிய வக்கீல் ஒருவரிடம் ஒரு வருஷம் இருந்து தொழில் பழக வேண்டும். அதற்கும் ஒரு பரீட்சை. நடத்தை நல்லது என்று பெரிய மனிதர்கள் எழுதித் தர வேண்டும். கடைசியாக ஐகோர்ட்டில் நேரில் போய் நிற்க வேண்டும். இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய வக்கீல் எழுந்து கேட்பார். நீதிபதி தலையசைப்பார். அதுவரை கறுப்பு அங்கியைப் போடக்கூடாது.

அந்தத் தலையசைப்பு ஒன்றுதான் பாக்கி. சேலத்தில் தைத்த அங்கி பெட்டியில் இருந்தது. ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னேன். "வெலங்கு மாட்டிருவாங்க அம்மிணி" என்றான். பட்டணம் போவதற்கு முன் மோகனூருக்கு வந்தவன் காய்ச்சலில் படுத்தான். எழுந்திருக்கவில்லை.

கல்யாணமாகாமல் செத்தவனை எங்களில் அப்படியே எடுக்கமாட்டார்கள். எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டவைத்து, மாப்பிள்ளையாக்கித்தான் எடுப்பார்கள். அது தாய்மாமன் வேலை. மாமா ஒரு எருக்கஞ்செடியைப் பிடுங்கிவந்து அண்ணன் பக்கத்தில் வைத்து, மஞ்சள் கயிற்றை அவன் விரலில் தொட்டுச் செடியில் கட்டினார். எருக்கம்பால் வேட்டியில் ஒழுகியது. புது வேட்டியாயிற்றே, கறை போகாதே என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா உள்ளே போய் அங்கியை எடுத்துவந்தாள்.

"இதையும் போட்டுடுங்க."

"கூடாது. அவனே சொல்லியிருக்கறான்" என்றார் அப்பா.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க மச்சான், பொண்ணே இல்லாமக் கண்ணாலம் பண்ணியாச்சு. நீதிபதி இல்லாம வக்கீலாக்க முடியாதுங்களா?"

எல்லோரும் பெரிய வக்கீலைப் பார்த்தார்கள். அண்ணனுக்குத் தொழில் பழக்கியவர். நாமக்கல்லிலிருந்து எழவுக்கு வந்திருந்தார்.

"பரீட்சையெல்லாம் பாஸுதானுங்க. நடத்தைக்கு நானே எழுதிக் குடுத்தேன். ஆனா ஆளு நேர்ல வரோணுமே."

"இங்கதானுங்க இருக்கறான்" என்றாள் அம்மா.

பெரிய வக்கீல் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தலையாட்ட ஒருத்தர் வேணுமுங்க" என்றார்.

மாமா ஊர்ப் பெரியதனக்காரரைக் கைகாட்டினார். வரப்புச் சண்டையிலிருந்து புருஷன் பெண்டாட்டி சண்டை வரைக்கும் ஊரில் நியாயம் சொல்கிறவர் அவர்தான். நடத்தைக்கு எழுதித் தரச்சொல்லி அண்ணன் தன்னிடம் வரவில்லை என்று அவருக்கு மனத்தாங்கல். வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

பெரிய வக்கீல் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். பழக்கத்தில் முதலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அப்புறம் தமிழில், "பரீட்சைகள் தேறியவர். நடத்தை நல்லது. இவரைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறேன்" என்றார்.

"நடத்தையப் பத்தி என்னைய ஆரும் கேக்கலியே" என்றார் பெரியதனக்காரர்.

பறை அடிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அம்மா அங்கியை மார்போடு பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

"இப்பக் கேக்கறமுங்க" என்றார் அப்பா.

பெரியதனக்காரர் குனிந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"எங்கிட்ட எதுத்து எதுத்துப் பேசுவான். 'நீ வக்கீலா வந்துட்டீன்னா எனக்கென்ன சாமி வேலை'ன்னு கேட்டா, 'வந்து என்ர கட்சிக்காரங்களுக்குச் சாட்சி சொல்லுங்க'ன்னுட்டான். பொய் பேச மாட்டான்." மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "செரி" என்று தலையசைத்தார்.

மாமாவும் நானும் அங்கியைப் போட்டுவிட்டோம். கை விறைத்துப்போயிருந்ததால் மேலே போர்த்தத்தான் முடிந்தது. எருக்கம்பால் கறை அதில் மறைந்துவிட்டது.

தூக்குவதற்கு முன் அப்பா பெரிய வக்கீலிடம், "இது ஐகோர்ட்டுல செல்லுமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"செல்லாதுங்க."

"செரிங்க" என்றார் அப்பா. பாடைக்குத் தோள்கொடுக்கப் போனார்.

அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று இப்போது யாராவது கேட்டால், வக்கீல் என்று சொல்கிறேன். எந்தக் கோர்ட்டில் என்று கேட்பவர்களிடம், மோகனூரில் என்கிறேன். மோகனூரில் கோர்ட்டு கிடையாது. அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.