எருமைக்குள் இருந்தவள்

குட்டையக்காவுக்கு அந்த வேலை வந்து சேர்ந்ததற்கு அவளுடைய உயரம்தான் காரணம். திரையரங்கில் கூட்டித் துடைக்கிறவர்களில் எருமை வேஷத்துக்குள் அடங்கக்கூடிய உடம்பு அவளுக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள். போட்டுப் பார்த்தால் எருமையின் முழங்கால் அவர்கள் தொடையில் வந்து நின்றது. "உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றார் மேனேஜர். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா திட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் அவள் தலையாட்டி வைத்தாள்.

மொம்மு என்கிற அந்தக் கார்ட்டூன் எருமையைத் தெரியாத வீடு கிடையாது. ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, நீந்தத் தெரியாத அணில், முயல், கோழிக்குஞ்சு என்று வருகிறவர்களையெல்லாம் முதுகில் ஏற்றி அக்கரை சேர்க்கும். முதல் படத்தை வாயில் விரல் வைத்துக்கொண்டு பார்த்த பிள்ளைகளுக்கு இப்போது காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. இதுதான் கடைசிப் படம், இனி மொம்மு இல்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டதால் கூட்டம் முண்டியடித்தது. படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள முகப்புக் கூடத்தில் ஒரு மொம்மு நிற்க வேண்டும். உள்ளே குட்டையக்கா.

வேஷத்தை முதல்முறை தலையில் கவிழ்த்தபோதே அவளுக்குக் குடலைப் பிரட்டியது. இதற்கு முன்பு எந்தெந்த ஊரில் யார் யார் அதற்குள் நின்று வேர்த்தார்களோ, அத்தனை பேருடைய வேர்வையும் பஞ்சில் ஊறிப் புளித்திருந்தது. அந்தப் புளிப்பின் மேல் யாரோ வாசனைத் திரவியத்தை வேறு அடித்துத் தொலைத்திருந்தார்கள். ஊசிப்போன குழம்பில் ரோஜா இதழைத் தூவின மாதிரி. உள்ளே ஒரு சின்ன விசிறி இருந்தது; அது சுற்றாது. எருமையின் வாய்க்குள் இருந்த வலை வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். அந்த வலையில் யாருடையதோ காய்ந்த எச்சில்.

"ஒரே ஒரு விஷயம்தான்" என்றார் மேனேஜர். "மொம்மு பேசக் கூடாது. படத்துல பேசும், இங்க பேசாது. புரிஞ்சுதா?"

"மூச்சு விடலாமா?" என்று கேட்டாள் குட்டையக்கா.

வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெண்ணை அவளுக்குத் துணையாக நிறுத்தினார்கள். வலை வழியே பக்கவாட்டில் எதுவும் தெரியாது என்பதால் கையைப் பிடித்து அழைத்துப் போவதும், கூட்டம் இடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு.

நாற்றத்தைக் கூடக் குட்டையக்கா பொறுத்துக்கொண்டாள். வந்தவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. படத்தின் முடிவில் மொம்மு வெள்ளத்தில் போய்விடுகிறது போலும். கதவைத் திறந்துவிட்டதும் மாலை மாலையாகக் கண்ணீர் வடிய வருவார்கள். மீசை வைத்த ஆண்கள், அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டியவர்கள், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி. வந்து அவள் மேல் விழுவார்கள். மூக்கைக் கொண்டுபோய் எருமையின் தோளில் தேய்ப்பார்கள். நனைந்த ரோமத்தில் அடுத்தவர் கன்னத்தை வைப்பார். அவருக்கு அது தெரியாது. உள்ளே நிற்கிறவளுக்குத் தெரியும்.

அழுகை உண்மை என்றாலாவது போகட்டும் என்று விடலாம். ஒரு பெண் விக்கி விக்கி அழுதுவிட்டு, சட்டென்று நிறுத்தி, செல்போன் பிடித்திருந்த தோழியிடம், "கண்ணு சரியா நனையல, இன்னொரு தடவை எடு" என்றாள். இரண்டாவது தடவை நன்றாக வந்தது. வேறொருவன் தான் அழுவதைத் தானே படம் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த பாப்கார்ன் வாளியை எருமையின் காலடியில் கவிழ்த்துவிட்டுப் போனான். அதையும் அவளுடைய ஆட்கள்தான் கூட்ட வேண்டும்.

"இதுக்கு எதுக்குடி இவ்வளவு அழுகை? பொம்மைதானே?" என்று இடைவேளையில் கேட்டாள் குட்டையக்கா.

"அவங்க சின்ன வயசு போயிடுச்சுன்னு அழறாங்கக்கா" என்றாள் டிக்கெட் பெண். அவளும் முதல் காட்சி பார்த்து அழுதவள்தான்.

"போனா போகுது. அதைக் கொண்டுவந்து என் மேல ஏன் சிந்தணும்?"

குட்டையக்கா மொம்மு படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அந்தப் படங்கள் ஒவ்வொன்றாக வந்த காலமெல்லாம் அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடிய வருஷமே அம்மா படுக்கையில் விழுந்தாள். கல்யாணம் ஆகாத மகள் என்பதால் அம்மா அவள் பங்குக்கு வந்தாள். அண்ணன் அதே ஊரில் மறு கோடியில் இருந்தார். குளியலறைச் சாமான் விற்கும் பெரிய ஷோரூமில் விற்பனைக்குப் பொறுப்பு. நாளெல்லாம் கழிப்பறைப் பீங்கான் விற்கிற மனிதர், பெற்ற தாய் படுத்திருந்த அறையின் வாசலைத் தாண்டியதில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிலைப்படியில் நின்று, "எப்படிம்மா இருக்க?" என்பார். பதில் வருவதற்குள் போன் வந்துவிடும்.

குட்டையக்கா அம்மாவுக்கு எல்லாம் செய்தாள். மலம் அள்ளினாள், புண்ணுக்கு மருந்து வைத்தாள், சளியை வழித்து எடுத்தாள். ஒரு நாள்கூட அவளுக்குக் குமட்டியதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை அம்மாவின் மூச்சு நின்றபோது அந்தக் கை இவள் கைக்குள் இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. வெயில் ஏறின பிறகு வந்தார். நாற்காலி போட்டார், வந்தவர்களை உட்காரச் சொன்னார், வண்டிக்காரரிடம் பேசினார். கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. "நான் அப்படிப்பட்ட ஆளு. எல்லாத்தையும் உள்ளயே வச்சுப்பேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். குட்டையக்காவும் அதை நம்பினாள்.

அந்த அண்ணன்தான் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அண்ணியோடும் மகளோடும் வந்திருந்தார்.

கதவு திறந்து கூட்டம் வெளியே வந்தபோது வலை வழியாக முதலில் அவருடைய செருப்புதான் தெரிந்தது. பிறகு முகம். மூக்கு சிவந்து, உதடு கோணி, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்த பையன் மாதிரி இருந்தார். வரிசையில் நின்றவர்களை ஒதுக்கிக்கொண்டு வந்து எருமையைக் கட்டிக்கொண்டார்.

"அப்பா, அது பொம்மைப்பா" என்றாள் பத்து வயது மகள். அவள் அழவில்லை. "உள்ள ஆள் இருப்பாங்க. அவங்களுக்கு வேர்க்கும்."

"நீ சும்மா இரு" என்று தேம்பினார்.

குட்டையக்காவுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. அண்ணன் அவளைத் தொட்டே எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சின்ன வயதில் அவளை "எருமை, எருமை" என்று கூப்பிட்டுக்கொண்டு தெருவெல்லாம் துரத்துவார்; பிடித்துவிட்டால் தூக்கிச் சுற்றுவார். அதோடு சரி. இப்போது அவருடைய முழுப் பாரமும் அவள் தோளில் இருந்தது. உள்ளேயே வைத்திருந்ததெல்லாம் இன்றைக்குத்தான் வெளியே வருகிறது போல என்று நினைத்தாள். அவளை அறியாமல் எருமையின் முன்னங்கால்கள் இரண்டும் எழுந்து அவர் முதுகைச் சுற்றிக்கொண்டன. தட்டிக்கொடுத்தாள். முகமூடிக்குள் அவள் கண்ணும் நனைந்தது.

"எடுக்கறேன், பேசுங்க" என்றாள் அண்ணி. போனைப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டு பின்னால் போனாள்.

அண்ணன் எருமையை விடாமலே முகத்தை மட்டும் போன் பக்கம் திருப்பினார். எருமையின் காதில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்துடுச்சு. அவங்களும் இப்படித்தான், எல்லாரையும் கரை சேத்துட்டுப் போனாங்க" என்றார். குரல் தழுதழுத்தது. கொஞ்சம் நிறுத்தி, எச்சில் விழுங்கி, மேலே சொன்னார். "கடைசி ராத்திரி முழுக்க நான்தான் பக்கத்துல இருந்தேன். அவங்க கை என் கைக்குள்ளதான் இருந்துச்சு. மொம்மு தண்ணிக்குள்ள போற மாதிரி, மெதுவா, மெதுவா…"

குட்டையக்காவின் வயிற்றிலிருந்து என்னவோ எக்கிக்கொண்டு தொண்டைக்கு வந்தது. அதை விழுங்கினாள். விழுங்கின வேகத்தில் பேச்சு வெளியே வந்துவிட்டது.

"பொய் சொல்லாதண்ணா. நீ அங்க இல்ல."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. பஞ்சுக்குள்ளிருந்து வந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அண்ணனுடைய கைகள் அப்படியே விறைத்தன. எருமையின் வாயை உற்றுப் பார்த்தார். வலைக்குப் பின்னால் இரண்டு கண்கள் அவரையே பார்த்தன.

"இது உங்க தங்கச்சி குரல் மாதிரி இருக்கே" என்றாள் அண்ணி.

"வா போகலாம். கூட்டமா இருக்கு" என்றார் அண்ணன். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். கண்ணீர் எங்கே போனதென்றே தெரியவில்லை.

டிக்கெட் பெண் நிலைமையைப் புரிந்துகொண்டு எருமையைக் கைப்பிடித்துத் துடைப்பங்கள் வைக்கிற அறைக்குக் கொண்டுபோனாள். தலையைக் கழற்றியதும் குட்டையக்கா துடைக்கிற வாளியில் குனிந்து வாந்தியெடுத்தாள். காலையில் தின்றது, மதியம் குடித்தது எல்லாம் வந்தது. ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் எக்கியது. டிக்கெட் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாத்தம் தாங்கலையாக்கா?"

"இந்தக் கையாலதான்டி தட்டிக்கொடுத்தேன்" என்றாள் குட்டையக்கா.

அண்ணன் சொன்ன பொய்யைவிட அதுதான் அவளை அரித்தது. ஒரு நிமிஷம் நம்பிவிட்டாளே. குழாயைத் திறந்துவிட்டு முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினாள். அது போதாமல் தரை துடைக்கிற திரவத்தை ஊற்றி இன்னொரு முறை கழுவினாள்.

மறுநாள் டிக்கெட் பெண்ணின் போனிலேயே அந்த வீடியோ வந்துவிட்டது. "அம்மாவுக்கும் மொம்முவுக்கும்" என்று தலைப்பு. "மெதுவா, மெதுவா" என்பதோடு வெட்டியிருந்தார்கள். பின்னணியில் படத்தின் பாட்டு. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் இதயம் இதயமாகப் போட்டிருந்தார்கள். 'இப்படி ஒரு மகன் கிடைக்க அந்தத் தாய் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு அண்ணன் கும்பிடும் கை இரண்டைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார். குட்டையக்கா போனை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைக் கொடுப்பது மாதிரித் திருப்பிக் கொடுத்தாள்.

அண்ணன் அந்த வாரமே கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து எடுத்தாள்.

"அங்க வேலை பாக்கறேன்னு நீ ஏன் சொல்லல?"

"தியேட்டர்ல கூட்டறேன்னு சொன்னேனே."

"கூட்டறது வேற. இது என்ன, வேஷம் கட்டிக்கிட்டு நிக்கறது? என் கூட வேலை பாக்கறவங்கல்லாம் வர்ற இடம். யாராவது பாத்தா எனக்கு எவ்வளவு அசிங்கம்?"

"அந்த வீடியோவ எடுத்துடுண்ணா."

"எதுக்கு?"

"அம்மா போனப்போ நீ பக்கத்துல இல்ல."

அந்தப் பக்கம் டிவி ஓடுவது கேட்டது. "மனசால இருந்தேன்" என்றார் அண்ணன்.

"மனசால வந்து படுக்கை விரிப்ப மாத்தினியா?"

"சீ. எப்பப் பாரு இப்படி அசிங்கமாவே பேசு" என்று வைத்துவிட்டார். வீடியோ அப்படியே இருந்தது. அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை.

மேனேஜரிடம் போய் எருமைக்குள் இனி நுழைய மாட்டேன் என்றாள். அவர் கெஞ்சினார், படம் ஓடுகிற வரைக்கும்தானே என்றார். "கக்கூஸ் எல்லாத்தையும் நான் ஒருத்தியே கழுவறேன். இது மட்டும் வேணாம்" என்று அவள் சொன்னதும் அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. ஒரு கல்லூரிப் பையனைப் பிடித்து, எருமையின் கால் இரண்டையும் பிரித்து நீட்டித் தைக்கச் சொன்னார்.

திரும்பக் கூட்டுகிற வேலைக்கு வந்த பிறகுதான் குட்டையக்கா அந்தப் படத்தின் முடிவைப் பார்த்தாள். ஒரு மதியக் காட்சி; விளக்குப் போடட்டும் என்று துடைப்பமும் சாக்குமாகக் கதவோரம் காத்திருந்தாள். டிக்கெட் பெண்ணும் பக்கத்தில் வந்து நின்றாள். திரையில் வெள்ளம் பெருக்கெடுத்து ஓடியது. மொம்மு கடைசி முயலைக் கரையில் இறக்கிவிட்டு, கால் சறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீருக்குள் போனது. கரையில் நின்ற அணில், முயல், கோழிக்குஞ்சு எல்லாம் சேர்ந்து உருக்கமாகப் பாடின. கொம்பின் நுனி மறைகிற வரைக்கும் பாடின. அரங்கு முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம்.

"இதுக்குத்தான்கா எல்லாரும் அழுதாங்க" என்று டிக்கெட் பெண் கிசுகிசுத்தாள். அவள் கண் மறுபடியும் கலங்கியிருந்தது.

"அத்தனை பேர் கரையில நிக்கறாங்க. ஒருத்தனுக்காவது கயிறு போடணும்னு தோணலயேடி" என்றாள் குட்டையக்கா. "நின்னு பாட்டுப் பாடறானுங்க."

டிக்கெட் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்விட்டாள்.

விளக்கைப் போட்டதும் கூட்டம் கலைந்தது. இருக்கைகளுக்கு அடியில் நனைந்த காகிதக் கைக்குட்டைகள் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. கோலா கொட்டித் தரை பிசுபிசுத்தது. யாரோ மென்ற மிட்டாயைக் கைப்பிடியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். குட்டையக்கா கையுறையை மாட்டிக்கொண்டு அதைச் சுரண்டி எடுத்தாள். நடு வரிசையில் மடிப்புக் கலையாத சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவர் இன்னும் எழுந்திருக்காமல் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்துக்கறேன்கா. மனசு ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

"உக்காருங்க" என்றாள் குட்டையக்கா. "காலைத் தூக்கிக்கிட்டு உக்காருங்க. கூட்டணும்."