கெட்டில் கொதித்தால் அடிக்கும் மணி

தீ எச்சரிக்கை மணியைப் பழுதுபார்ப்பவரின் பிழைப்பில் ஒரு வேடிக்கை உண்டு. மணி செத்துக் கிடந்தால் அவரைப்போல நல்ல மனிதர் கிடையாது. உயிரோடு இருந்து ஒருமுறை அடித்துவிட்டால் ஏச்சுத்தான். இந்த இரண்டுக்கும் நடுவே ஏணியைத் தோளில் சுமந்து பாதி ஆயுளைத் தேய்த்தவரை எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் ‘அலாரம் அண்ணன்’ என்று கூப்பிட்டார்கள். வீட்டில் மட்டும் அந்தப் பெயர் எடுபடவில்லை. அங்கே அவரை எழுப்பவே இரண்டு அலாரம் வேண்டியிருந்தது.

இத்தனை வருடத்தில் அவர் ஒரு தீயைக்கூடக் கண்டதில்லை. பல்லி புகுந்ததால் அடித்த மணி, வெள்ளையடித்த தூசியில் அடித்த மணி, பரீட்சைக்குப் படிக்காத எவனோ தட்டிவிட்டதால் அடித்த மணி என்று பார்த்ததெல்லாம் பொய்மணிதான். தீ அவருக்குக் கடவுள் மாதிரி. அதை நம்பித்தான் சோறு, நேரில் தரிசனம் கிடையாது.

அவர் பார்த்துக்கொண்ட பள்ளிகளிலேயே பெரிய தலைவலி, மனைவி வேலை பார்த்த பள்ளி. அவள் அங்கே கூட்டிப் பெருக்கி, ஆசிரியர் அறையில் டீயும் போடுவாள். அந்த அறையில் கெட்டில் செருக ஒரே ஒரு பிளக், ஒரு மூலையில். அதற்கு நேர் மேலே கூரையில், புகையை மோப்பம் பிடிக்கும் வட்ட டப்பா. அதற்கு ஆவியென்ன, புகையென்ன? கெட்டில் கொதித்தால் மாடிவரை மணி அலறும்.

“கெட்டிலக் கொஞ்சம் தள்ளி வையேன்” என்பார் வீட்டில்.

“பிளக்கைத் தள்ளி வச்சுக் குடுங்க, வைக்கிறேன்.”

“அது எலக்ட்ரீஷியன் வேலை.”

“அப்ப நான் எலக்ட்ரீஷியனைத்தான் கட்டியிருக்கணும்.”

அந்த டப்பாவைக் கழற்றிவிட்டு, ஆவிக்கு அசராமல் சூட்டுக்கு மட்டும் அடிக்கிற வேறொன்றை மாட்டினால் தீர்ந்தது. அதைப் பள்ளியில் சொன்னார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். தன் கம்பெனி முதலாளியிடம் சொன்னார், பள்ளி கேட்கட்டும் என்றார் அவர். இதற்கிடையில் பள்ளிக்கூடம் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. மணி அடித்தால் டீ தயார் என்று அர்த்தம். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல, பழக்கத்தில் வந்தது. மாடியில் கணக்கு வாத்தியார் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கோப்பையோடு இறங்குவார். அவர் மறந்திருந்தால் பிள்ளைகளே நினைவூட்டுவார்கள்: “சார், டீ!” வெளியே ஓடு என்று சொல்ல வைத்த மணி, உள்ளே வா என்று உபசரித்துக்கொண்டிருந்தது.

பொதுத்தேர்வு நெருங்கியதும் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“வெளி ஆளுங்க வர்ற நேரம். இது அலறினா என் மானம் போயிடும். மொத்தமா நிறுத்திடுங்க.”

“அப்படி நிறுத்தக் கூடாது மேடம். மேல அத்தனை பிள்ளைங்க இருக்காங்க.”

“நிறுத்துற ஆளு வேற எங்கேயும் கிடைக்காதா என்ன?”

முதலாளி இன்னும் சுருக்கமாக முடித்தார். “சொன்னதைச் செஞ்சுட்டு வாய்யா. இந்த ஸ்கூல் கைவிட்டுப் போச்சுன்னா அடுத்து போறது நீதான்.”

எதிர்த்துப் பேச ஒரு காலத்தில் அவருக்கு வாய் இருந்தது. இப்போது மூட்டு வலிதான் இருந்தது. ஒரு காலை ஏணிகூட இல்லாமல், ஒரு திருப்புளியோடு போனார். நடைவழியில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஒயரில் கை வைக்கப்போகும்போது மணி அடித்தது.

கடைசியாக ஒருமுறை அடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார். எந்த அறையிலிருந்து அடிக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்குகள் அவர் மூக்குக்கு எதிரிலேயே இருந்தன. அவர் பார்க்கவில்லை. வேறு எங்கிருந்து அடிக்கப்போகிறது? பையிலிருந்து தன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு நடந்தார்.

ஆசிரியர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். “என்ன அண்ணே, இன்னைக்கு ரொம்பச் சீக்கிரம்?” என்றார் கணக்கு வாத்தியார், கோப்பையை ஆட்டியபடி.

கொல்லைப்புறத்திலிருந்து கையில் துடைப்பத்தோடு வந்தாள் மனைவி. “ஏன் எல்லாரும் கோப்பையத் தூக்கிட்டு நிக்கிறீங்க?”

“டீக்குத்தான்.”

“நான் இன்னும் தண்ணியே வைக்கலையே!”

அவர் கெட்டிலைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. மூட்டு வலி எங்கே போனதென்று தெரியவில்லை, பெட்டிக்கு ஓடினார். மாடிப்படிக்கு அடியிலிருந்த சாமான் அறைக்கான சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேடைத் திரைகளைச் சுருட்டி வைத்து, அதன் மேலேயே மைக் செட்டைச் சார்ஜில் போட்டிருந்த அறை. கதவிடுக்கில் புகை கசிந்தது. அந்தப் படி வழியாகத்தான் வாத்தியார்கள் அத்தனை பேரும் இறங்கியிருந்தார்கள். மேலே பிள்ளைகள் மட்டும்.

“பின்பக்கப் படியில ஏறுங்க! அந்தப் பக்கமாவே இறக்குங்க!” என்று கத்திக்கொண்டே மெயினை அணைத்தார்.

கணக்கு வாத்தியார் கோப்பையோடு ஓடினார். “எல்லாரும் வெளிய வாங்க” என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். டீக்கு எங்களையும் கூப்பிடுகிறாரே என்று ஒருத்தி கேட்டாளாம். அவர் கோப்பையைத் தரையில் போட்டு உடைத்தார். அந்தச் சத்தத்துக்குத்தான் வகுப்பு எழுந்தது.

தீயணைக்கும் சிலிண்டர், ஆசிரியர் அறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிவந்தார் அலாரம் அண்ணன். ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் சிலிண்டரின் பூட்டு ஊசியை இழுக்கக் கற்றுக்கொடுத்தவர், முதல்முறையாக நிஜத் தீக்கு அதை இழுத்தார். மனைவி வாளித் தண்ணீரோடு வந்தாள்.

“கரண்டு சாமான், தண்ணி ஊத்தாதே! தள்ளி நில்லு!”

திரைதான் கருகிக்கொண்டிருந்தது, கொழுந்துவிடவில்லை. அடித்த பொடியில் பாதி தீயின்மேலும் மீதி அவர்மேலும் விழுந்தது. வெள்ளை வெளேரென்று வெளியே வந்தவரைப் பார்த்து மைதானத்தில் நின்ற பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“மணி நல்லாத்தான் வேலை செய்யுது” என்றார் தலைமையாசிரியை, தானே கண்டுபிடித்தவர்போல. அலாரம் அண்ணன் படியில் உட்கார்ந்து மூட்டைத் தடவிக்கொண்டார்.

அடுத்த வருடம் என்றிருந்த டப்பா அடுத்த வாரமே வந்தது. கெட்டில் இப்போது எவ்வளவு கொதித்தாலும் சத்தமில்லை. டீ ரெடியானதே தெரிவதில்லை என்று புதுப் புகார் கிளம்பியது.

பிறகு, தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று ஒத்திகை நடந்தது. அவர் பொத்தானை அழுத்தினார். வாத்தியார்கள் முன்னும் பின்னும் வர, பள்ளி மொத்தமும் மைதானத்துக்கு இறங்கியது. திருப்தியோடு அறைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஆசிரியர் அறையில் நின்றார். மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

“நீ போகலையா?”

“நீங்கதானே அடிக்கிறீங்க.”

“நான்தான்னு எப்படித் தெரியும்?”

“வேற யாரு அடிக்கப்போறா?”

அன்றைக்குப் பெட்டி முன்னால் நின்றபோது அவர் மனதும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருந்தது. கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவளிடம் கையை நீட்டினார்.

“எந்திரி.”

“கால் கடுக்குதுங்க.”

“எனக்கு மட்டும் கடுக்கலையா? எந்திரிம்மா.”

ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு இருவரும் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது, குட்டி வகுப்புகள்கூட வரிசையில் நின்று சலித்திருந்தன. உள்ளே மணி விடாமல் அலறியது. அதை நிறுத்துவதென்றால் அவர்தான் மறுபடி உள்ளே போகவேண்டும்.

“இப்பத் திரும்பப் போகத்தான் என்னை இழுத்துட்டு வந்தீங்களாக்கும்” என்றாள் அவள்.

“நீ இங்கேயே நில்லு” என்று சொல்லிவிட்டு, மூட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.